இதயத் திரள்களை இனங்காணும் படிமவியல்

இதயத் திரள் என்பது இதய அறைகளுக்குள்ளோ, வால்வுகளின் மீதோ, தசைச் சுவரிலோ, இதய உறையிலோ இயல்புக்கு மாறாகத் தென்படும் எந்தப் பொருளையும் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். இது நோயின் பெயர் அன்று. எக்கோ பரிசோதனையின்போது திரையில் தெரியும் ஒரு நிழலுக்கு, அது எதுவென்று உறுதியாகும் வரை வழங்கப்படும் தற்காலிகப் பெயர். உறைந்த இரத்தம், தீங்கற்ற கட்டி, புற்றுநோய், கிருமித் தொற்றால் வால்வில் படியும் வளரி, காசநோய்க் கழலை, நாடாப்புழுவின் நீர்ப்பை ஆகியவை இப்பெயரின் கீழ் வரும். சில வேளைகளில் இதயத்தின் இயல்பான பகுதியே திரளாகத் தவறாக எண்ணப்படுவதும் உண்டு.

எதுவென்று அறிவதில்தான் சிகிச்சை முழுவதும் தங்கியிருக்கிறது. இரத்த உறைவாக இருந்தால் பெரும்பாலும் உறைவெதிர் மருந்து போதும். மிக்சோமா எனப்படும் கட்டியாக இருந்தால் நெஞ்சைத் திறந்து அறுவை செய்ய வேண்டும், அதுவும் காலம் தாழ்த்தாமல். லிம்போமா வகைப் புற்றாக இருந்தால் அறுவையைவிட மருந்துச் சிகிச்சையே முதன்மையானது. இயல்பான தசை மேடாக இருந்தால் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. ஒன்றை மற்றொன்றாகக் கருதினால், தேவையற்ற திறந்த இதய அறுவைக்கு ஆளாகும் ஆபத்து ஒருபுறம். கட்டியின் துணுக்கு உடைந்து மூளைக்குச் சென்று பக்கவாதம் வரும் ஆபத்து மறுபுறம்.

பெயரால் வரும் குழப்பம்

தமிழில் 'கட்டி' என்னும் சொல் மிகப் பரந்தது. உறைந்த இரத்தத்தை 'இரத்தக் கட்டி' என்கிறோம். புற்றையும் கட்டி என்கிறோம். சீழ் பிடித்ததும் கட்டிதான். ஆகவே 'இதயத்துல கட்டி இருக்கு' என்று கேட்டு வரும் குடும்பத்தினர் பெரும்பாலும் புற்றுநோய் என்றே எண்ணி வீடு திரும்புவர். இக்கட்டுரையில் உறைந்த இரத்தம் 'உறைவு' என்றும், திசு வளர்ச்சி 'கட்டி' என்றும், இன்னும் எதுவெனத் தெரியாதது 'திரள்' என்றும் குறிக்கப்படும். மருத்துவமனைகளிலும் இப்படிப் பிரித்துச் சொல்வது நல்லது.

உண்மையில் இதயத்திலேயே தோன்றும் கட்டி மிக அரிது. பிணக்கூறாய்வுகளின்படி பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ இருவருக்கே அது காணப்படுகிறது. அவற்றிலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு தீங்கற்றவை. நுரையீரல், மார்பகம், இரத்தம், தோல் முதலிய இடங்களில் தோன்றிய புற்று இதயத்துக்குப் பரவுவது இதைவிட இருபது மடங்குக்கும் மேல் மிகுதி. இவை எல்லாவற்றையும்விடப் பரவலாகக் காணப்படுவது இரத்த உறைவு.

வரலாறு

இதயக் கட்டி பற்றிய முதல் குறிப்பு இத்தாலிய உடற்கூற்றியலாளர் ரியால்டோ கொலம்போ 1559-இல் எழுதியது எனக் கொள்வர். அதன்பின் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் இது பெரும்பாலும் பிணத்தை அறுத்துப் பார்த்தே அறியப்பட்ட நோயாக இருந்தது. 1950-களின் தொடக்கத்தில்தான், இரத்தக் குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படத்தின் உதவியால், உயிரோடு இருந்த ஒருவரின் மிக்சோமா அடையாளம் காணப்பட்டது. 1954-இல் சுவீடன் அறுவை மருத்துவர் கிளாரன்ஸ் கிராஃபூர்ட் மிக்சோமாவை வெற்றிகரமாக அகற்றினார்.

அதே சுவீடனில் 1953-இல் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் மிகையொலியால் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் உள்விரிசலைக் கண்டறியப் பயன்பட்ட கருவியை இரவல் வாங்கித்தான் அவர்கள் தம் முதல் சோதனையைத் தொடங்கினர். ஆறு ஆண்டுகளில், 1959-இல், ஜெர்மனியில் இம்முறையால் மிக்சோமா கண்டறியப்பட்டது. இன்று வட்டார மருத்துவமனையில்கூட எக்கோ எடுக்க முடிகிறது. திரள்கள் முன்பைவிட மிகுதியாகக் கண்ணில் படுவதற்கு இதுவே காரணம்.

மலையூரிலிருந்து தொடங்கும் வழி

நடுவட்டம், நீலகிரி மாவட்டத்தில் உதகமண்டலத்துக்கும் கூடலூருக்கும் இடையே உள்ள பேரூர். தேயிலைத் தோட்டங்களும் ஆங்கிலேயர் காலச் சிங்கோனாத் தோட்டங்களின் எச்சங்களும் உள்ள இடம். சிங்கோனாப் பட்டையிலிருந்து மலேரியாவுக்கான குயினைன் கிடைத்ததைப் பலர் அறிவர். அதே பட்டையில் உள்ள குயினிடின், ஒழுங்கற்ற இதயத் துடிப்பைச் சீராக்க உதவும் என்று 1918-இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்டது, பல்லாண்டுகள் இதய மருந்தாகவும் இருந்தது. ஒழுங்கற்ற துடிப்பே இதய மேலறையில் உறைவு உண்டாவதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று என்பதால், இவ்வூரின் பட்டைக்கும் இக்கட்டுரையின் பொருளுக்கும் தொலைதூர உறவு ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

இங்கே கொழுந்து பறிக்கும் ஒருவருக்குச் சரிவு ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று கொள்வோம். முதலில் ஈசிஜியும் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்கப்படும். எக்கோவுக்கு உதகமண்டலம் செல்லலாம். அங்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் தொடங்கப்பட்டது. எக்கோவில் 'இடது மேலறையில் திரள்' என்று எழுதப்பட்டுவிட்டால் அடுத்த கேள்வி எழுகிறது. இதயத்துக்கான எம்.ஆர்.ஐ. எடுக்க இயந்திரம் மட்டும் போதாது. துடிப்போடு ஒத்திசைக்கும் ஈசிஜி இணைப்பும், தனி மென்பொருளும், அப்படத்தைப் படிக்கத் தெரிந்தவரும் ஒருங்கே அமைய வேண்டும். அதற்குக் கோயம்புத்தூர் போன்ற பெருநகருக்கு இறங்க வேண்டியிருக்கும். உதகையிலிருந்து மட்டும் ஏறத்தாழ 85 கி.மீ. மலைப்பாதை; நாள்கூலியும் போகும்; துணைக்கு ஒருவர் வர வேண்டும். எனவே யாரை அனுப்ப வேண்டும், எந்தப் பரிசோதனைக்காக அனுப்ப வேண்டும் என்பதை மலையிலேயே யோசித்து முடிவு செய்வது படிமவியலின் ஒரு பகுதி என்றே சொல்லலாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களைக் குறைந்த கட்டணத்தில் நடத்திவருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், தமக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனை அதில் அடங்குமா என்று புறப்படும் முன்பே மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் கேட்டறியலாம்.

எக்கோ எதுவரை சொல்லும்

எக்கோவின் வலிமை வேகம். நொடிக்குப் பல பத்துப் படங்கள் எடுப்பதால் வால்வின் நுனியில் ஆடும் சில மில்லிமீட்டர் அளவுள்ள திரளும் அதில் தெரியும். கதிர்வீச்சு கிடையாது, படுக்கையருகே கொண்டுவந்தும் செய்யலாம். திரள் எங்கே ஒட்டியிருக்கிறது, காம்பு உண்டா, துடிப்போடு அசைகிறதா, வால்வை அடைக்கிறதா என்பவற்றை அது சொல்லிவிடும். இவற்றிலிருந்தே பாதி விடை கிடைக்கும். இடது மேலறையில், மேலறைகளைப் பிரிக்கும் சுவரின் நடுப்பள்ளத்தில் காம்பால் ஒட்டி, ஒவ்வொரு துடிப்புக்கும் மைட்ரல் வால்வு வழியே எட்டிப் பார்த்துத் திரும்பும் திரள் பெரும்பாலும் மிக்சோமாவே. மாரடைப்பில் செயலிழந்த கீழறை நுனியில் படிந்திருப்பது பெரும்பாலும் உறைவே.

பருத்த உடல், நாட்பட்ட நுரையீரல் நோய் உடையவர்களிடம் மிகையொலி சரியாக ஊடுருவாது. அப்போது உணவுக்குழாய் வழி எக்கோ உதவும். உணவுக்குழாய் இடது மேலறைக்கு நேர் பின்னால் ஒட்டிச் செல்வதால், அதன் வழியே இறக்கப்படும் கருவிக்கு அந்த அறையும், அதன் மூலையில் விரல் போல் நீளும் பையும் மிகத் தெளிவாகத் தெரியும். உறைவுகள் பெரும்பாலும் ஒளிந்திருப்பது அந்தப் பையில்தான்.

தமிழ்நாட்டில் இது வெறும் பாடநூல் செய்தி அன்று. சிறுவயதில் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் இன்றும் இருக்கின்றனர். அவர்களது இடது மேலறை வீங்கி, இரத்தம் தேங்கி உறையும். சுருங்கிய வால்வைப் பலூனால் விரிக்கும் முன் உணவுக்குழாய் வழி எக்கோ எடுத்து உறைவு இல்லை என உறுதி செய்வர்; இருந்தால் உறைவெதிர் மருந்து கொடுத்து, கரைந்தபின் மீண்டும் பார்த்தே பலூன் சிகிச்சை. மிக்சோமாவும் அதே அறையில் அமர்ந்து அதே வால்வை அடைப்பதால், மூச்சுத் திணறலும் நெஞ்சொலிக் கருவியில் கேட்கும் ஒலியும் வால்வுச் சுருக்கத்தைப் போலவே இருக்கும். போதாக்குறைக்கு மிக்சோமா சிலரிடம் காய்ச்சலையும் உடல் மெலிவையும் இரத்தப் படிவு வீத உயர்வையும் உண்டாக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய்.

இதய எம்.ஆர்.ஐ.

எக்கோ 'எங்கே' என்று சொல்கிறது என்றால், எம்.ஆர்.ஐ. 'எதனால் ஆனது' என்று சொல்ல முயல்கிறது. வலிய காந்தப் புலத்தில் உடலிலுள்ள நீர், கொழுப்பு ஆகியவற்றின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வானொலி அலையால் தூண்டப்பட்டு மீண்டும் தம் நிலைக்குத் திரும்பும். திரும்பும் வேகம் திசுவுக்குத் திசு மாறும். அந்த வேறுபாட்டைத்தான் டி1, டி2 எனப்படும் படங்கள் வெள்ளை, சாம்பல், கறுப்பாகக் காட்டுகின்றன.

கொழுப்புக் கட்டியான லிபோமா இதற்கு எளிய எடுத்துக்காட்டு. டி1 படத்தில் அது வெண்மையாக ஒளிரும். கொழுப்பிலிருந்து வரும் சமிக்ஞையை மட்டும் அடக்கும் முறையில் அதே இடத்தை மீண்டும் படம் எடுத்தால் கறுத்துவிடும். இரண்டு படங்களையும் அருகருகே வைத்தால் ஊசி குத்தித் திசு எடுக்கத் தேவையே இருக்காது. நீர்த்தன்மை மிகுந்த மிக்சோமா டி2 படத்தில் வெளுத்துத் தெரியும். நார்த்திசு நிறைந்த ஃபைப்ரோமா அதில் கறுத்துத் தெரியும்.

அடுத்து, கடோலினியம் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைச் சிரை வழியே செலுத்திப் பார்ப்பர். உறைவைக் கட்டியிலிருந்து பிரிப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். உயிருள்ள கட்டிக்கு இரத்தக் குழாய்கள் உண்டு, மருந்து அதனுள் செல்லும். உறைவுக்கு இரத்தக் குழாய் இல்லை, மருந்து உள்ளே நுழையாது. மருந்து செலுத்திய சில நிமிடங்களில், காத்திருப்பு நேரத்தை ஏறத்தாழ 600 மில்லி நொடியாக நீட்டி ஒரு படம் எடுப்பர். அந்த அமைப்பில் மருந்து ஏறிய எல்லாத் திசுவும் சாம்பலாகவோ வெள்ளையாகவோ தெரிய, உறைவு மட்டும் மை போல் கறுத்து நிற்கும். பத்து நிமிடங்களுக்குப் பின் எடுக்கும் தாமதப் படத்தில் ஃபைப்ரோமா முழுவதும் வெண்மையாகும், மிக்சோமா திட்டுத்திட்டாக வெளுக்கும். வலது மேலறைச் சுவரை அரித்துப் பரவும் ஆஞ்சியோசார்க்கோமா என்னும் கொடிய புற்று, மருந்து ஏறிய பகுதியும் அழுகி மாண்ட பகுதியும் கலந்து ஒழுங்கற்றுத் தெரியும். இதய உறையில் நீரும் கோத்திருக்கும்.

மாரடைப்புக்குப் பின் கீழறை நுனியில் சுவரோடு தட்டையாக ஒட்டிய சிறு உறைவுகளை எக்கோ தவறவிடுவது உண்டு. தாமதப் படத்தில் அவை சிக்கிவிடும்.

தென்னிந்தியாவிலும் காணப்பட்ட ஒரு நோய் இங்கே குறிப்பிடத்தக்கது. இதய உட்சுவர் நார்மை என்னும் நோயை 1948-இல் உகாண்டாவில் ஜே.என்.பி. டேவிஸ் விவரித்தார். ஆப்பிரிக்க வெப்பமண்டல நாடுகளைத் தவிர்த்து அது மிகுதியாகக் காணப்பட்ட பகுதிகளுள் கேரளம் முக்கியமானது. திருவனந்தபுரம் சிறீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் முதலானோர் இதன் காரணத்தையும் அறுவை முறையையும் விரிவாக ஆய்ந்தனர். இந்நோயில் கீழறையின் நுனி நார்த்திசுவால் நிரம்பி, அதன்மேல் உறைவும் படியும். எக்கோவில் பார்த்தால் ஒரு கட்டி நுனியை நிரப்பியிருப்பது போலவே இருக்கும். தாமதப் படத்திலோ மூன்று அடுக்குகள் பிரிந்து தெரியும்: வெளியே கறுத்த இயல்பான தசை, நடுவில் வெளுத்த நார்ப்படலம், உள்ளே கறுத்த உறைவு. இந்த மூவடுக்கைக் கண்டபின் கட்டி என்ற பேச்சுக்கு இடமில்லை.

எம்.ஆர்.ஐ. எல்லாவற்றிலும் மேல் என்று கருதிவிடக் கூடாது. ஒரு படம் பல துடிப்புகளின் சராசரியாக உருவாகிறது. ஆகவே வால்வில் துள்ளும் சிறு வளரியும், பாப்பில்லரி ஃபைப்ரோஎலாஸ்டோமா என்னும் பூந்துகள் போன்ற சிறு கட்டியும் அதில் மங்கிவிடும். அவற்றுக்கு எக்கோவே சிறந்தது. துடிப்பு ஒழுங்கற்றவரிடமும், மூச்சைப் பத்துப் பதினைந்து நொடி அடக்க முடியாதவரிடமும் படம் கலங்கும். பழைய உறைவின் ஓரத்தில் புது நார்த்திசு வளர்ந்திருந்தால் சிறிது மருந்து ஏறி, கட்டியோ என ஐயுறச் செய்யும்.

சி.டி.யும் பெட் ஸ்கேனும்

சி.டி. சில நொடிகளில் முடிந்துவிடும். சுண்ணாம்புப் படிவைக் காட்டுவதில் அதற்கு நிகரில்லை. நுரையீரலையும் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்தே காட்டுவதால், இதயத்தில் உள்ளது வேறிடத்திலிருந்து வந்த புற்றா என்பதும் தெரியலாம். எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாத இதயமுடுக்கி பொருத்தியவர்களுக்கு இதுவே மாற்று. இடது மேலறைப் பையில் இரத்தம் மெதுவாக ஓடினால் முதல் படத்தில் அது உறைவு போலவே தோன்றும். ஒரு நிமிடம் பொறுத்து இன்னொரு படம் எடுத்தால் மருந்து வந்து நிரம்பிவிடும், உண்மையான உறைவு மட்டும் நிரம்பாது. கதிர்வீச்சும், அயோடின் மருந்தால் சிறுநீரகத்துக்கு வரக்கூடிய சுமையும் இதன் குறைகள்.

பெட் ஸ்கேனில் கதிரியக்கக் குறியிட்ட சர்க்கரை செலுத்தப்படும்; வேகமாக வளரும் புற்று அதை மிகுதியாக உட்கொண்டு ஒளிரும். இதயத்தசையும் சர்க்கரையை உண்ணும் என்பதுதான் சிக்கல். அதைத் தடுக்க, முந்தைய நாள் மாவுப்பொருளே இல்லாமல் கொழுப்பு மிகுந்த உணவு உண்டு, பின் பட்டினி இருக்க வேண்டும். சோறு, இட்லி, தோசை, சர்க்கரை போட்ட தேநீர் எதுவும் கூடாது என்று விளக்கமாகச் சொல்லாவிட்டால், 'லேசாத்தான் ரெண்டு இட்லி சாப்பிட்டேன்' என்பவரின் படம் முழுவதும் ஒளிர்ந்து பயனற்றுப் போகும். இன்னொரு எச்சரிக்கையும் தேவை: காசநோய்க் கழலையும் இப்படத்தில் புற்றைப் போலவே ஒளிரும். மேலைநாட்டுப் பாடநூலில் ஒளிர்வதெல்லாம் புற்று என்று படித்துவிட்டு இங்கே அப்படியே பொருத்துவது சரியாகாது.

இல்லாத திரள்கள்

வலது மேலறையின் உட்சுவரில் இயல்பாகவே ஒரு தசை மேடு உண்டு. கீழ்ப்பெருஞ்சிரை திறக்கும் இடத்தில் கருப்பருவத்து வால்வின் எச்சம் சிலருக்கு நீண்டு ஆடும். ஹான்ஸ் கியாரி 1897-இல் விவரித்த வலைப்பின்னல் போன்ற இழைகளும் அங்கே இருக்கலாம். இடது மேலறையில் நுரையீரல் சிரைக்கும் பைக்கும் நடுவே உள்ள மடிப்புக்கு 'கூமடின் வரப்பு' என்றே பெயர். அதை உறைவு என்று எண்ணிக் கூமடின் என்னும் உறைவெதிர் மருந்தைப் பலருக்குத் தவறாகக் கொடுத்ததால் வந்த பெயர் அது. மேலறைச் சுவரில் கொழுப்பு சேர்ந்து டம்பெல் வடிவில் தடித்திருப்பதையும் கட்டியாகக் கருதுவது உண்டு.

இதயத்துக்கு வெளியே உள்ளதும் ஏமாற்றும். உதரவிதானத்தின் துளை வழியே மேலேறிய இரைப்பை, இடது மேலறையைப் பின்னாலிருந்து அழுத்தி அறைக்குள் திரள் இருப்பது போலக் காட்டும். இதைத் தீர்க்க ஒரு பழைய உத்தி உண்டு. நோயாளிக்கு ஒரு குவளை சோடா கொடுத்து எக்கோவைப் பார்த்துக்கொண்டே இருந்தால், 'கட்டிக்குள்' குமிழிகள் கொப்பளிக்கும். கோயம்புத்தூர் போகும் செலவை ஒரு சோடா மிச்சப்படுத்தும் அரிய இடம் இது.

சிறப்புக் கவனம் தேவைப்படுவோர்

நீலகிரிப் பழங்குடிகளிடையே அரிவாள் செல் நோய் உள்ளது. இந்தியாவில் இது முதலில் அறிவியல் உலகுக்குத் தெரியவந்ததே 1952-இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடம் செய்த ஆய்வால்தான். இந்நோய் உள்ளவர்களுக்கு இரத்தம் உறையும் போக்கு மிகுதி என்பதால் வலது இதயத்தில் திரள் தெரிந்தால் உறைவை முதலில் நினைக்க வேண்டும். சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் கான்ட்ராஸ்ட் மருந்துக்கு முன் கிரியாட்டினின் பார்ப்பது இவர்களுக்குக் கட்டாயம். சிறுநீரகம் மிகவும் பழுதுற்றவர்களுக்குப் பழைய வகைக் கடோலினிய மருந்துகள் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்கும் அரிய நோயை உண்டாக்கியுள்ளன. இப்போதைய மருந்துகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு.

குழந்தைகளின் கணக்கு வேறு. அவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் ராப்டோமயோமா, பெரும்பாலும் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் மரபு நோயோடு சேர்ந்து வரும். இரத்த ஓட்டத்தை அடைக்காவிட்டால் தானாகவே சுருங்கிவிடும். அதனால் அறுவைக்கு அவசரம் காட்டாமல் எக்கோவில் தொடர்ந்து கவனிப்பர்.

படத்துக்குப் பின்

படிமவியல் தருவது நிகழ்தகவு. இறுதித் தீர்ப்பு திசு ஆய்வுடையது. உறைவு என்று தோன்றினால் சுமார் மூன்று மாதம் உறைவெதிர் மருந்து கொடுத்து மீண்டும் படம் எடுப்பர். சுருங்கினால் ஐயம் தீர்ந்தது. சுருங்கவில்லை என்றால் முதல் முடிவை மறுபடி பரிசீலிக்க வேண்டும். வலது பக்கத் திரளிலிருந்து சிரை வழியே சென்று திசு எடுக்கலாம். இடது பக்க மிக்சோமா என்று ஐயமிருந்தால் ஊசி வைப்பதில்லை; உதிரும் துணுக்கு நேரே மூளைக்குச் செல்லக்கூடும். அதை முழுதாக எடுத்தபின்னரே ஆய்வுக்கு அனுப்புவர்.

அகற்றிய மிக்சோமா பெரும்பாலோரிடம் திரும்ப வருவதில்லை. இளவயதில் வந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தாலோ, தோலில் கரும்புள்ளிகளும் நாளமில்லாச் சுரப்பிக் கோளாறும் சேர்ந்திருந்தாலோ, 1985-இல் கார்னி விவரித்த மரபுவழிக் கூட்டுநோயை எண்ண வேண்டும். அப்போது பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கும் எக்கோ எடுப்பர். அதற்கு மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை.